தலை தட்டிய கரண்டி

ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. பஸ்ஸில் மடங்கி வந்த இடுப்புதான் இன்னும் என்னோடு பேசவில்லை. நீங்கள், அண்ணன், அப்பா எல்லோரும் சுகமா? அவள் எப்படி இருக்கிறாள்? இதைத்தான் முதல் வரியில் கேட்டிருக்க வேண்டும். மரியாதைக்காக இவ்வளவு நேரம் பொறுத்தேன்.

விடுதியில் ஒரு அறைக்கு நாலு கட்டில். ஜன்னலோரம் கிடைத்தது. நான் கேட்கவில்லை; மற்ற மூவருக்கும் வெயில் பிடிக்காதாம். குழந்தைகளுக்கும் பூனைகளுக்கும் அனுமதி இல்லை என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். பூனை மட்டும் வந்து போகிறது.

வேலை என்று பார்த்தால், கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் என்று பாட்டில் பாட்டிலாக வருகிறது. முதல் பரிசோதனை மோந்து பார்ப்பது. இதற்கா பட்டப்படிப்பு என்று அண்ணன் சிரிப்பார். ஒரு வெள்ளைக் கோட்டு கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் இன்னொருத்தியும் நுழையலாம்.

அவள் புட்டியை வாங்கினாளா, அண்ணி? கிளம்புவதற்கு முன்னால் நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள, நீங்கள் புட்டியைக் காட்டிப் பார்த்ததெல்லாம் கண்ணிலேயே நிற்கிறது. நாக்காலேயே தள்ளினாளே! "ரப்பருன்னு மோந்தே கண்டுபிடிச்சிடறா, உன் மக இல்லையா" என்று நீங்கள் சிரித்தீர்கள். அப்பா சிரிக்கவில்லை. வாசலில் கொத்துவேலைக் கரணையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "உன்னைப் படிக்க வெச்சது நான்தான். நாலு மாசப் புள்ளைய விட்டுட்டுப் போன்னு நான் சொல்லலை. புள்ள பாட்டிலை வாங்கலைன்னா அடுத்த பஸ்ஸுல நீ இங்க இருக்கணும்."

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. பஸ் புறப்படும்போது எதிர்க்கடைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் இருந்தது இரண்டே வார்த்தை.

ஆறு மாதப் பயிற்சி. நடுவில் விட்டால் இடம் போய்விடும். முடித்தால் குடியிருப்பு தருவார்கள், அவளைக் கூட்டி வந்துவிடலாம். அவளுடைய அப்பாவுக்கும் இதையே எழுதியிருக்கிறேன். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ, கடிதம் எப்போது போய்ச் சேருமோ.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். வேண்டாம், சொன்னால் "என்னத்தைக் கேட்டா?" என்பார்.

உடனே எழுதுங்கள். ஒரு வரி போதும்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 18

பட்டதாரி நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது.

இங்கே எல்லோரும் சவுக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். தப்பு இருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பிவிடாதே.

நீ கேட்ட ஒரு வரி: குடிக்கிறாள்.

நீ போன அன்று அழுத அழுகையில் தெருவே வந்துவிட்டது. ஆளுக்கொரு வைத்தியம். புட்டியில் உன் ரவிக்கையைச் சுற்று என்றார் ஒருத்தர். சுற்றினேன். ரவிக்கையைப் பிடித்துக்கொண்டு புட்டியைத் தள்ளினாள். கரண்டியால் புகட்டினோம். பாதி அவளுக்கு, பாதி என் புடவைக்கு. மறுநாளும் அதே கதை.

அப்புறம் குடித்துவிட்டாள். எப்படி என்றால், மார்போடு அணைத்துப் பிடித்தால் தேடுகிறாள். கிடைக்கவில்லை என்றதும் கோபம் வருகிறது. அதனால் முதுகு நம் வயிற்றில் சாய்கிற மாதிரி மடியில் உட்கார வைத்து, முகத்தை வாசல் பக்கம் திருப்பிவிட வேண்டும். கொடியில் துணி காய்கிறது இல்லையா? அது காற்றில் ஆட ஆட, பார்த்துக்கொண்டே வாயைத் திறக்கிறாள். அந்த நேரம் பார்த்துப் புட்டியை வைத்தால் போதும். இது தானாகத் தெரிந்த விஷயம். இதற்கு மேல் விவரம் எழுத நேரமில்லை, அடுப்பில் சோறு.

இப்போது என் வேலை, காய்ந்த துணியையும் மறுபடி நனைத்துக் கொடியில் போடுவது.

மாமா நன்றாக இருக்கிறார். உன்னைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. நீ கொண்டுபோன குடை ஒழுகுமே என்று நேற்றுச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அழாதே. உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணி


ஜூன் 28

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் எல்லோருடைய சுகமும் தெரிந்து சந்தோஷம். நானும் சுகம். குடை ஒழுகுகிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பெரிய நிம்மதி வந்தது. இன்னொரு தடவை படித்தேன். நிம்மதி கொஞ்சம் குறைந்தது. அவள் பால் குடிக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு கண்ணால் என் முகத்தையே பார்ப்பாள். இப்போது கொடியைப் பார்க்கிறாள் என்கிறீர்கள். சரி. குடித்தால் போதும்.

நான் ஊர் மாறியது பாலுக்கு மட்டும் தெரியவில்லை. வேளை தவறாமல் வந்துவிடுகிறது. குளியலறையில் பிழிந்துவிட்டு, சத்தம் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிடுகிறேன். எனக்குக் குழந்தை இருப்பதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. மறைக்கவில்லை, அண்ணி. யாரும் கேட்கவில்லை, எனக்கும் ஆரம்பிக்கத் தெரியவில்லை.

ஆனால் எங்கள் மேலதிகாரி அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மூக்கு நுனியில் கண்ணாடி போட்டிருப்பார். கண்ணாடியம்மா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஒரு நாள் என் கோட்டின் முன்பக்கம் ஈரமாக இருந்ததைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சாமான் அறைச் சாவியை என் மேசையில் வைத்தார். "தினம் மத்தியானம் காலி பாட்டிலை எண்ணணும். கதவைச் சாத்திக்கிட்டு நிதானமா எண்ணு." அன்றிலிருந்து எண்ணுகிறேன். எத்தனை இருக்கிறது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

நீங்கள் தையல் மெஷினில் உட்காரும்போது அவள் யாரிடம் இருக்கிறாள்?

உங்கள் முதுகு வலி தேவலையா? அண்ணன் லாரியோடு திரும்பி வந்தாரா?

அன்புடன்
உங்கள் நாத்தனார்


ஜூலை 10

அன்புள்ள நாத்தனாருக்கு,

முதுகு வலி அப்படியே இருக்கிறது, அண்ணன் வந்தார், மறுபடி போனார். இரண்டும் பழக்கமானதுதான். நீ இளைத்துவிடாதே.

உன் மகள் இளைக்கவில்லை. கன்னம் தோளில் இடிக்கிறது. அவளுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்துவிட்டேன். வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு போகிறவர் வருகிறவர் எல்லோரையும் வேலை வாங்குகிற மாதிரி ஒரு அதட்டல். கீரைக்காரம்மா கூட, "இருங்க மேஸ்திரி, வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கூடையை இறக்குகிறார்.

யாரிடம் இருக்கிறாள் என்று கேட்டிருந்தாய். வீடு என்று இருந்தால் கையா இல்லாமல் போகும்?

புட்டி சுத்தமா என்று கவலைப்படாதே. ஒவ்வொரு தடவையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்கிறோம். சமையலறைச் சுவரில் மர முளை அடித்து வரிசையாகக் கவிழ்த்துவிட்டால் நொடியில் காய்ந்துவிடுகிறது. நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசை, பார்க்கவே அழகு. முதலில் தண்ணீர், அதற்கு மேல்தான் பவுடர். மாற்றிச் செய்தால் கட்டி தட்டும், கலவை சரியாக வராது.

மாமா இப்போதெல்லாம் வேலைக்குத் தாமதமாகப் போகிறார். மத்தியானமும் வீட்டுக்கு வந்துவிடுகிறார். முட்டி வலியாம். உன்னைப் பற்றிப் பேச்சு இல்லை. உன் கடிதத்தை நான் சத்தமாகப் படிக்கும்போது மட்டும் அங்கேயே சுற்றிக்கொண்டு எதையாவது தேடுவார். நேற்றுத் துண்டைத் தேடினார். அது தோளில் இருந்தது.

மேஸ்திரி கூப்பிடுகிறார். போகிறேன்.

அண்ணி


ஜூலை 20

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம்தானே? நான் இளைக்கவில்லை. விடுதிச் சாப்பாட்டில் இளைக்கவும் முடியவில்லை, சாப்பிடவும் முடியவில்லை.

சுவரில் முளை அடித்ததை எழுதியிருந்தீர்கள். அண்ணன் அடித்திருந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்க்கும். நூல் பிடித்த மாதிரி இருக்கிறது என்று படித்தபோது கொஞ்ச நேரம் கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

உங்களை ஒன்றும் கேட்கப் போவதில்லை. முட்டி வலிக்காரர் மட்டும் வாசற்படியில் குந்தி உட்கார வேண்டாம். நான் படிக்கப் போட்டுக்கொள்ளும் ஸ்டூல் உள்ளறையில் கட்டிலுக்கு அடியில் இருக்கும். அந்த உயரம் மடியில் ஆளை வைத்துக்கொள்ளச் சரியாக இருக்கும். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

அறையில் இருப்பவர்களுக்கு இப்போது அவளைத் தெரியும். நேற்று அவளைப் பற்றிச் சொன்னேன். ஆரம்பித்த பிறகு எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

எல்லோர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள், உங்களுடையதையும் சேர்த்து.

நாத்தனார்


ஆகஸ்டு 19

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். இந்த மாதம் நான் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. முனைக் கடைக்கு போன் செய்தேன். "உங்க வீட்டுல ஆள் இல்லம்மா, பூட்டியிருக்கு" என்றார் கடைக்காரர். எங்கே போனார்கள் என்று கேட்டதற்கு, "நான் கடையில இருக்கேன், எனக்கென்ன தெரியும்" என்றார். அவருக்குத் தெரியாத விஷயம் நம் தெருவில் ஒன்றுகூட இருந்ததில்லை, அண்ணி.

இன்று ஒரே பாட்டிலை இரண்டு தடவை பரிசோதித்துவிட்டேன்.

எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.

நாத்தனார்


ஆகஸ்டு 23

அன்புள்ள நாத்தனாருக்கு,

முதலில் இதைப் படி. குழந்தை வீட்டில் இருக்கிறாள். என் பக்கத்தில் தைக்க வந்த துணிமேல் சாய்ந்துகொண்டு இந்தப் பேனாவைப் பிடுங்கப் பார்க்கிறாள். இதை இன்னொரு தடவை படித்துவிட்டு மீதியைப் படி.

போன வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

மலம் கட்டிக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தோம். அப்புறம் ஓயாமல் அழுதாள். பசி என்று நினைத்துப் பால் கொடுத்தோம். குடிப்பாள், மறுபடியும் அழுவாள். மறுபடியும் கொடுத்தோம். ஒரு நாள் காலையில் அழுகையே இல்லை. உதடெல்லாம் காய்ந்து, கூப்பிட்டால் கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். மாமா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

டாக்டர் ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றினார். நர்சம்மா கேட்டார்: "பால் யார் கலக்கறது?"

மாமா முன்னால் வந்தார். "நான்தாம்மா." நீ ஸ்டூலைப் பற்றி எழுதியபோதே உனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. அவள் யார் கையிலும் குடிக்கவில்லை. கொடியைக் காட்டிக் குடிக்க வைத்தது மாமாதான். அன்றிலிருந்து எல்லா வேளையும் அவர்தான். "அவளுக்கு எழுதாதே, நான் எறங்கி வந்துட்டேன்னு நினைச்சுக்குவா" என்று என் வாயைக் கட்டியிருந்தார்.

"ஒரு பாட்டிலுக்கு எத்தனை கரண்டி போடறீங்க?" என்றார் நர்சம்மா.

"டப்பாவுல நாலுன்னு போட்டிருக்கு. நான் அஞ்சு போடுவேன். அதுவும் குவிச்சுத்தான்." அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

"எதுக்கு?"

"தாய்ப்பால் இல்லாத புள்ள. கலவை பலமா இருக்கட்டுமேன்னு."

நர்சம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "பெரியவரே, இது சுவர் இல்லை. பால் கெட்டியானா புள்ள உடம்புல இருக்கற தண்ணியை அது வாங்கிக்கும். அவ அழுதது பசிக்கு இல்லை. தாகத்துக்கு."

மாமா பின்னால் நகர்ந்து நகர்ந்து போய்ச் சுவரோடு நின்றார்.

அந்த அஞ்சாவது கரண்டியை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நல்லதுக்குத்தானே என்று எனக்கும் தோன்றியது. இதையும் எழுதிவிடுகிறேன்.

குழந்தைக்கு இனிப் பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து மாமா புட்டியைத் தொடுவதில்லை. குழந்தையையும் தொடுவதில்லை. நான் கொடுத்தால் அவள் துப்புகிறாள். மறுபடி கரண்டியில் ஆரம்பித்திருக்கிறேன், பாதி கீழே போகிறது. எடை ஏறாவிட்டால் திரும்பக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். "அவளை வரச் சொல்லு. வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். என் கையை நம்பிப் போனா, பாரு" என்கிறார் மாமா.

வா என்றும் நான் எழுத மாட்டேன், வராதே என்றும் எழுத மாட்டேன். எது செய்தாலும் சாப்பிட்டுவிட்டுச் செய்.

அண்ணி


செப்டம்பர் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நேரில் வந்தும் கேட்க முடியாமல் போனதால் எழுதிக் கேட்கிறேன். நான் இருந்த இரண்டு நாளும் நீங்கள் சாரத்தைவிட்டு இறங்கவில்லை. நான் தூங்கிய பிறகு வந்தீர்கள், எழுவதற்குள் போய்விட்டீர்கள். அந்தக் கட்டடத்துக்கு அவ்வளவு அவசரம் இல்லை என்று உங்கள் சித்தாள் அம்மாவே சொன்னார்.

நான் பார்த்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஸ்டூலை வாசலில் போட்டு அவளை மடியில் உட்கார வைத்தேன். கொடியில் என் புடவையையே காயப்போட்டிருந்தேன். அண்ணி எழுதியபடி அதைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தாள். புட்டியை வைத்ததும் என் கையைத் தொட்டாள். விரல் விரலாகத் தடவிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். "மாமா விரல் சொரசொரன்னு இருக்கும், அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் குடிப்பா" என்றார் அண்ணி. என் விரல் அவளுக்கு வழுக்கியது.

மார்பிலும் வைத்துப் பார்த்தேன். எனக்குப் பால் நின்று நாளாகிறது. இங்கே சாமான் அறையில் காலி பாட்டிலை மட்டும் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். அவள் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். யார் இந்த அம்மாள் என்பதுபோல.

கிளம்பும் நாள் மாலையில் சுற்றுச்சுவருக்கு மேலே தலையில் கட்டிய ஒரு துண்டு தெரிந்தது. நான் எழுந்ததும் காணாமல் போய்விட்டது. வெளியே போய்ப் பார்த்தேன். சுவரோரம் செங்கல் அடுக்கியிருந்தது, ஒரு ஆள் ஏறி நின்று உள்ளே பார்க்கிற உயரத்துக்கு.

கோபம் இல்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். வரும்போது பஸ்ஸில் முழுக்கக் கோபமாகத்தான் வந்தேன். உங்கள்மேல், அண்ணிமேல், என்மேல், அந்த டப்பாவின்மேல். திரும்பிப் போகும்போது வேறொன்று ஞாபகம் வந்தது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், யாருடைய வீட்டுக்கோ கலவையில் ஒரு சட்டி சிமெண்ட் கூடுதலாகப் போட்டதற்காகக் கான்ட்ராக்டர் உங்களைத் தெருவில் நிறுத்தித் திட்டினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "சின்னப் புள்ளைங்க இருக்கற வீடுங்க" என்று மட்டும் சொன்னீர்கள். அந்த அஞ்சாவது கரண்டி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அப்பா.

புள்ள பாட்டிலை வாங்காவிட்டால் அடுத்த பஸ்ஸில் நான் அங்கே இருக்க வேண்டும் என்று சொன்னீர்கள். இப்போதும் அதற்குக் கட்டுப்படுகிறேன். நீங்கள் புட்டியை எடுக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன். அழ மாட்டேன், உங்களைச் சொல்லிக்காட்டவும் மாட்டேன். எடுத்தால் இங்கே இருந்து முடித்துவிட்டு வருகிறேன். எனக்கு முடிக்க ஆசையாக இருக்கிறது. இதை இதுவரை உங்களிடம் வாய் திறந்து சொன்னதில்லை.

நாலு கரண்டி. குவிக்காமல், தலை தட்டி. மட்டம் பார்க்க உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

உங்கள் கையை நம்பித்தான் அவளை விட்டுவிட்டு வந்தேன். உங்கள் கை என்று எனக்குத் தெரிந்த பிறகுதான் இங்கே ஒழுங்காகத் தூங்கினேன்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவள் குடித்தால் அண்ணி எழுதட்டும். தலையில் துண்டு கட்டாமல் வெயிலில் நிற்காதீர்கள்.

உங்கள் மகள்


செப்டம்பர் 15

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் படித்த பிறகு இன்னும் நலமாக இருப்பாய்.

உன் கடிதம் வந்தது. உறையில் அப்பாவுக்கு என்று இருந்ததால் நான் பிரிக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், அவ்வளவுதான். மாமா வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அங்கே சாரத்தின் மேல் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார். சித்தாள் அம்மா வந்து சொல்லிச் சிரித்தார்: "சட்டியில கலவை இறுகிப் போச்சு, உங்க மாமா இன்னும் ரெண்டாம் பக்கத்துலயே இருக்காரு."

மத்தியானம் வீட்டுக்கு வந்தார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். துடைத்தார். மறுபடி கழுவினார். "கரண்டி எங்கே?" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். பவுடரை அள்ளி, கத்தி முதுகால் தலை தட்டி, கண்ணுக்கு நேராகத் தூக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"மட்டம் பார்க்க ரசமட்டம் கொண்டு வரட்டுமா மாமா?"

"சும்மா இரு. எண்ணிக்கிட்டிருக்கேன்."

"நாலு வரைக்கும்தானே மாமா எண்ணணும்?"

"நாலுதான். அதுக்கு மேல போகாம இருக்கத்தான் எண்ணறேன்."

நாலு போட்டார். டப்பாவை மூடினார். மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். போட வேண்டும் போலத்தான் இருந்திருக்கும் அவருக்கு. போடவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்ததும் நான் மேஸ்திரியைக் கொண்டுபோய் மடியில் வைத்தேன். கொடியில் அன்றைக்குப் பார்த்து ஒரு துணி இல்லை. ஓடிப்போய் அவருடைய துண்டையே பிடுங்கிப் போட்டேன். அவள் துண்டைப் பார்த்தாள். கையை நீட்டி அவருடைய விரலைப் பிடித்தாள். வாயைத் திறந்தாள்.

குடித்து முடிக்கும் வரை மாமா மூச்சு விட்ட மாதிரியே தெரியவில்லை.

நீ பஸ் ஏற வேண்டாம். நல்ல குடை ஒன்று வாங்கிக்கொள்.

அண்ணி


டிசம்பர் 5

அன்புள்ள அப்பாவுக்கும் அண்ணிக்கும்,

அங்கே குளிர் அதிகமா? இங்கே காலையில் தண்ணீர் பாட்டிலைத் தொட்டால் விரல் மரத்துவிடுகிறது. மற்றபடி சுகம்.

பயிற்சி முடிந்துவிட்டது. வேலை நிரந்தரம். குடியிருப்புச் சாவியைக் கண்ணாடியம்மாவே கொண்டுவந்து கொடுத்தார். "அந்தச் சாமான் அறைச் சாவியைக் குடு. பாட்டில் எண்ணினது போதும்" என்றார். நன்றி சொல்ல நினைத்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு அறை, ஒரு சமையலறை. முன்பக்கம் சின்ன வாசல் இருக்கிறது. அவளுடைய அப்பா அடுத்த விடுமுறையில் நேராக இங்கேயே வருவதாக எழுதியிருக்கிறார்.

அண்ணி, மேஸ்திரி இல்லாமல் உங்களுக்கு வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அண்ணன் லாரியில் போகும் நாளெல்லாம் நீங்கள் இங்கே இருக்கலாம். மெஷின் வைக்க ஜன்னலோரமாக இடம் விட்டிருக்கிறேன்.

அப்பா, அவளை நீங்கள்தான் கூட்டி வர வேண்டும். எனக்கு ஒரு பயம். சோறு யார் ஊட்டினாலும் சாப்பிடுகிறாள் என்று அண்ணி எழுதினார். புட்டி மட்டும் இன்னும் உங்கள் கைதான். அன்றைக்கு மாதிரி என் கையைத் தடவிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் நான் என்ன செய்வது?

பதில் எழுத வேண்டாம் என்று முன்பு எழுதினேன். இந்தத் தடவை எழுதுங்கள்.

உங்கள் மகள்


டிசம்பர் 14

மகளுக்கு அப்பா எழுதுவது.

உடம்பு நல்லா இருக்கு. முட்டி வலி இல்லை. எப்பவும் இருந்தது இல்லை. நீ நல்லா இரு.

வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு வரோம். உன் அண்ணியும் வரா. புள்ளையை ஏத்திவிட்டுட்டு வந்துடறேன்னுதான் சொன்னா, இப்ப மெஷினைக் கழட்டி மூட்டை கட்டிக்கிட்டிருக்கா.

வாசல்ல கொடி கட்டி வை. காத்து எந்தப் பக்கம் வருதுன்னு பார்த்துக் கட்டு. ஸ்டூல் நான் கொண்டு வரேன். டப்பாவும் கரண்டியும் கொண்டு வரேன். நாலுதான் போடறேன், அண்ணியைக் கேட்டுக்கோ.

உன் விரல் வழுக்குதுன்னு எழுதியிருந்தே. அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. படிச்ச கை. அப்படி இருக்கணும்னுதான் படிக்க வெச்சேன். முதல்ல ரெண்டு மூணு நாள் நீ புடி, உன் கைமேல நான் கை வெச்சுக்கறேன். அப்புறம் மெதுவா எடுத்துடறேன். அவளுக்குத் தெரியாது.

இன்னொண்ணு. இது உன் அண்ணிக்கும் தெரியாது. குடிக்கறப்ப அவ வெளியேதான் பார்ப்பா. நம்ம முகத்தைப் பார்க்கலையேன்னு நினைக்காதே. பால் தீர்ந்ததும் ரப்பரை விட்டுட்டு, தலையை முழுசாத் திருப்பி, இவ்வளவு நேரம் யார் புடிச்சிருந்ததுன்னு நிமிர்ந்து பார்ப்பா. தினம் பார்ப்பா. ஒவ்வொரு தடவையும் பார்ப்பா.

அப்ப நீ வேற எங்கேயும் பார்த்துக்கிட்டு இருக்காதே.

அப்பா